ஒரு படம் தப்பிவிட்டது

மகள் ஜெஸ்ஸியின் பிறந்தநாள் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிநேகா படியேறியபோதே, ஸ்டுடியோ வரதன் எழுந்து நின்றுவிட்டார். கேக் வெட்டும் படத்தில் குழந்தையின் இடது கண் மட்டும் வெள்ளையாக மின்னியதை, ஆல்பத்தைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் அவர் கவனித்திருந்தார்.

"தெரியும்மா, ஒரு படம் தப்பிப்போச்சு. சாயந்தரமே சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்று முந்திக்கொண்டார். கடையில் வேறு கஸ்டமர்கள் இருந்தார்கள். மானம் போய்விடக் கூடாதே!

புதுப்பட்டினம் கடைத்தெருவில் வரதனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கைவேலைதான். ஃபிளாஷ் பட்டுக் கண் சிவந்தாலும் வெளுத்தாலும், கம்ப்யூட்டரில் கறுப்பாக்கிவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார்.

"ஐயோ, சரி பண்ணாதண்ணா!" சிநேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் போட்டோவ பாத்துட்டுதான் பக்கத்து வூட்டு நர்சக்கா, கண்ணாஸ்பத்திரிக்கு ஓடுன்னாங்க. கண்ணுக்குள்ள கட்டியாம்ணா. கேன்சரு."

வரதன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வைத்தியம் கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எப்பலேர்ந்து இப்படி கீதுன்னு கேட்டாரு. ஞானஸ்நானத்துக்கு நீ போட்டுக் குடுத்த ஆல்பத்த எடுத்துப் பாத்தோம். ரெண்டு கண்ணும் நல்லா கறுப்பா கீது! அப்ப இப்பதான் வந்திருக்கு, கண்ண காப்பாத்திடலாம்னு தைரியமா கீறோம். நாளைக்கு அந்த ஆல்பத்ததான் டாக்டருகிட்ட காட்டப் போறோம். நீ நல்லா இருக்கணும்ணா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வரதனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடைப் பெயரும் கெடாது. ஆனால் டாக்டருக்குப் பொய்யான பதில் போகும். போவது குழந்தையின் கண்.

கஸ்டமர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். திருத்தாத பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, திரை முழுக்கப் போட்டார். சிநேகாவின் மடியில் கைக்குழந்தையாக ஜெஸ்ஸி. இடது கண்ணில் அதே வெள்ளை.

சிநேகா திரையருகே குனிந்தாள். அவள் முகத்தில் இருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"இன்னாண்ணா... இது ஞானஸ்நானத்துக்கு நான் கட்டுன பொடவையாச்சே?"