அரை அங்குலம்

"தேசியக் கொடியை எரிச்சிருக்கா சார். மூணு வருஷம் உள்ளே கிடக்க வேண்டியதுதான்," என்றார் ஏட்டு, எழுதாத பேனாவை உதறியபடி.

ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த பெண் நிமிரவில்லை. நர்ஸ் படிப்பு. அடுத்த வாரம் கடைசிப் பரீட்சை.

"எரிஞ்சது கொடிதானான்னு சொல்ல சாட்சி வரட்டும்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

சாட்சி வந்தாள். ஊரில் அத்தனை அரசாங்க ஆபீசுக்கும் கொடி தைத்துக் கொடுப்பவள். அதனால் கொடியக்கா. மிஷினைவிட வாய் வேகம்.

"எவடி அது, கொடியில தீ வச்சவ?"

"நான்தான்க்கா."

"கொடி உன்னை என்னடி பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. அடுத்த ஊருக்குத் தூக்கிட்டுப் போற வழியிலேயே எங்கம்மா போயிட்டாங்க. பதினேழு மனு கொடுத்தேன். ஒருத்தர் திரும்பிப் பார்க்கல. இதை எரிச்சேன், அஞ்சு நிமிஷத்துல அத்தனை பேரும் ஓடி வந்துட்டீங்க."

ஏட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயைப் பாருங்க! அக்கா, நாலு சாத்து சாத்துங்க. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

கொடியக்கா அடிக்கவில்லை. மேஜையில் கிடந்த பாதி எரிந்த துணியை விரித்தாள். எரியாமல் மிஞ்சிய, கயிறு கோக்கும் ஓரத்தைத் தடவினாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தாள்.

"எழுதிக்கோ ஏட்டு. அகலம் ரெண்டு அடி இருக்கணும். அரை அங்குலம் கம்மி."

"இருந்துட்டுப் போகுது. அதுக்கென்ன?"

"சட்டத்துல சொன்ன அளவு இல்லேன்னா அது கொடியே இல்ல. வெறும் துணி. துணியை எரிச்சதுக்கு என்ன கேஸ் போடுவே?"

ஏட்டு பல்லைக் கடித்தார். "இதைத் தைச்ச தடியன் யாரு?"

"நான்தான்."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். இன்ஸ்பெக்டர்தான் பேசினார்.

"முப்பது வருஷமா தைக்கறீங்க. தப்பாத் தைச்சேன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, இனி ஒரு ஆபீஸ்காரன் ஆர்டர் தரமாட்டான்க்கா."

"தலையணை உறை தைச்சுப் பொழைச்சுக்கறேன். கையெழுத்து எங்கே?"

போட்டாள். போகிற போக்கில் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு குட்டு.

"கத்துடி. தொண்டை கிழியக் கத்து. கூட நானும் வர்றேன். என் தையல்ல மட்டும் கை வைக்காதே."

பெண்ணையும் அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர். "போய்ப் படிம்மா."

ஏட்டுக்கு மனசு ஆறவில்லை. ஸ்கேலை எடுத்து அந்தத் துணியின் எரியாத ஓரத்தை அளந்தார். மறுபடியும் அளந்தார். சரியாக இரண்டு அடி. ஒரு நூல்கூடக் குறையவில்லை.

"சார்! அந்தம்மா பச்சைப் பொய் சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்!"

இன்ஸ்பெக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்யா. காலையிலேயே அளந்து பார்த்துட்டுத்தான் அவங்களுக்கு ஆள் அனுப்பினேன்."