இடிவீரன், பத்தாம் வடிவம்

'இடிவீரன்' சூப்பர்ஹீரோ படத்தொடரின் பத்தாவது வடிவம் அன்று மாலை வெளியானது. முந்தைய ஒன்பதிலும் ஊருக்கெல்லாம் ஒரே இடிவீரன்தான். இந்த முறை பார்ப்பவருக்கு ஏற்றபடி ஆளும் கதையும் மாறும் என்று விளம்பரம் சொல்லியிருந்தது.

பல்லாவரம் ஃபிளாட்டில் செண்பகவல்லி பார்த்த படத்தில், இடிவீரன் மனைவியிடம் பொய் சொல்லும்போதெல்லாம் இடது காதைத் தடவினான். அவள் கணவன் குருபரனுக்கும் அதே பழக்கம்.

"என்னங்க, வியாழக்கிழமை மீட்டிங்னு சொல்லிட்டு இவன் எங்கேயோ பறக்குறான். நீங்க போன வியாழக்கிழமை எங்க போனீங்க?"

"நான் பறக்கலை தாயே, டிரெயின்லதான் போனேன். ஆபீசுக்கு" என்றான் குருபரன். கை காதுக்குப் போயிற்று.

"உங்களுக்கு வந்திருக்கிற படத்தைப் போடுங்க, பார்ப்போம்."

"அது வேண்டாம் செம்பா."

அவன் தடுப்பதற்குள் அவளே போட்டுவிட்டாள்.

அதில் இடிவீரன் காதைத் தொடவே இல்லை. வியாழக்கிழமை கடற்கரையில் தனியாக உட்கார்ந்து சுண்டல் தின்றான். இருட்டியதும் தயங்கித் தயங்கி வீடு திரும்பினான். உள்ளே வில்லி காத்திருந்தாள். கேள்வி கேட்கும் முன் அவள் மோதிரத்தால் காப்பி டம்ளரை மூன்று முறை தட்டினாள்.

செண்பகவல்லி படத்தை நிறுத்தினாள்.

"யாருங்க இவ?" என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவள் கையிலிருந்த காப்பி டம்ளர் மோதிரம் பட்டு இரண்டு முறை ஒலித்துவிட்டது. மூன்றாவது தட்டுக்கு மோதிர விரல் உயர்ந்தது.

குருபரன் கண்ணை மூடிக்கொண்டான்.