கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மஞ்சள் தொப்பி தண்ணீருக்குள் முங்கியது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற பஸ் டிரைவருக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது.

நீச்சல் குளத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நீல உடை. கூட்டத்தில் மகளைத் தவறவிடக் கூடாதென்றுதான் அந்தத் தொப்பி. "பளிச்சுனு தெரியும் சார், எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது.

கதவுக்கு ஓடினார். காவலாளி மறித்தார்.

"பெத்தவங்க உள்ள போகக் கூடாது சார். உங்களைப் பார்த்தா பிள்ளை அழும்."

"அவ மூழ்குறாய்யா!"

"மாஸ்டர் இருக்காருல்ல? பார்த்துப்பாரு."

அலறியடித்துத் திரும்பி வந்து, ஆவி படிந்த கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார். நடுக்குளத்தில் மஞ்சள் தொப்பி மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"கண்ணை எடுக்காம பாருங்க."

"இமைக்கக்கூட இல்லடி."

மஞ்சள் தொப்பி தண்ணீரைக் குடித்து இருமியது, ஓவென்று அழுதது. ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கும் மனிதரால் பத்தடி தள்ளி அழும் பிள்ளையைத் தொட முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஓரத்தில் தொப்பியில்லாத குழந்தை ஒன்று, ஈர முடி முகத்தை மறைக்க, சத்தமே போடாமல் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் பாதி இவளுக்கு இருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

திடீரென்று விசில். மாஸ்டர் அந்த ஓரத்துக்குப் பாய்ந்தார். தொப்பியில்லாத குழந்தையை அள்ளித் தோளில் போட்டு முதுகில் தட்டினார். அது தண்ணீரைக் கக்கி வீறிட்ட பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

டிரைவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பொரிந்து தள்ளினார்.

"பிள்ளை சாகக் கிடக்குது, எந்த அப்பன்மா இப்படி வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறான்? இவனெல்லாம் ஒரு மனுஷனா?"

அந்தப் பெண் தலையாட்டினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுக்குளத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"பயப்படாத கண்ணு! அப்பா இங்கதான் இருக்கேன்!"

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சார், என் பொண்ணுக்குக் கை காட்டுறீங்க?"