மைக் பிடித்தவர்

ஆற்றில் மீன்வளத்தை மீட்கும் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு, ஏடிஎம் காவல் வேலை முடிந்து சீருடையோடே ஓடிவந்தார் மாதப்பன். ஆறு செத்து, அவர் மீன்பிடிப் பரிசலைக் கவிழ்த்துவைத்த இந்த ஒன்பது வருடமாக அந்த நீலச் சட்டைதான். "சாயத்தண்ணிய நிறுத்தாம ஆத்துல மீன்குஞ்சு விடாதீங்க, அதுங்களாவது பொழைச்சுப் போகட்டும்" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசலில் ஓர் அதிகாரி, சீருடையைப் பார்த்ததும் கையில் மைக்கைத் திணித்தார். "பேசுறவங்களுக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பா."

மைக்கோடு வரிசை வரிசையாக நடந்தார். யார் யாரோ பேசினார்கள். கெண்டை, ஆரால், கெளுத்தி என்று அவர்கள் சொன்ன பெயர்களெல்லாம் அவர் விரல்களில் அதிர்ந்தன.

கடைசியாக, பேசப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலில் மிஞ்சிய பெயரை மேடையிலிருந்து படித்தார்கள். "பரிசல் மீனவர் மாதப்பன் வந்திருக்காரா?"

மைக்கை நீட்டிப் பிடித்தபடி, மாதப்பனும் கூட்டத்துக்குள் அந்த ஆளைத் தேடினார்.