சாம்பல் கோடு

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய அக்கா ஹில்டாவின் வீட்டுச் சன்னலில் மீட்டரை வைத்து, ஜெபின் ஒரு வாரமாக ரயில் சத்தத்தை அளந்தான். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. ஹில்டா தம்பிக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள்.

"இன்னும் ரெண்டு லைன் போடறாங்களாமே. அப்பால எவ்ளோ சத்தம் வரும்?"

"அதைத்தான் கம்ப்யூட்டர் கணிச்சுச் சொல்லும்க்கா."

கடைசி நாள் லேப்டாப்பில் சத்த வரைபடத்தைத் திறந்து காட்டினான். தண்டவாளம் நெடுகச் சிவப்பு. அதையொட்டி நீளமாக ஒரு சாம்பல் கோடு. அதைத் தாண்டி எல்லாம் பச்சை.

"பச்சைன்னா இன்னாடா?"

"அங்க சத்தம் போகாது. இது தடுத்துடும்," என்று சாம்பல் கோட்டைத் தொட்டான்.

"சுவரு கட்டப் போறாங்களா?"

"சுவர் மாதிரிதான்க்கா."

ஹில்டாவுக்குக் கண் கலங்கியது. பக்கத்து வீட்டு ரேச்சலைக் கூப்பிட்டாள். "சுவரு வருதாம்டி. என் தம்பிதான் செஞ்சி குடுத்தான்."

பிறகு பச்சைக்குள் தேடினாள். பின்தெருவில் எழும்பும் அடுக்குமாடி மட்டும் தெரிந்தது.

"நம்ம வூடு எங்க கீது?"

"அந்த ஃபிளாட் கட்டுறவங்கதான்க்கா என்னை அளக்கச் சொன்னாங்க."

"வூடு எங்கடா?"

ஜெபின் நிமிரவில்லை.

"அந்தச் சாம்பல் கோடுதான்க்கா நம்ம வூட்டு வரிசை. சந்துகூட இல்லாம ஒட்டி ஒட்டிக் கட்டிக்கீறோம். சத்தம் அதைத் தாண்டாது."