எலியேசரின் கையெழுத்து

எலியேசர் தலையில் நீலத் தொப்பியை வைத்ததும் தெருவே கைதட்டியது.

ரடமேஸும் தட்டினான். தட்டாவிட்டால் அம்மா முறைப்பாள்.

"பதினேழு வயசுப் பய அடிக்கிற அடியாய்யா அது!" பயிற்சியாளர் தாவோவுக்கு வாயெல்லாம் பல்.

அமெரிக்க பேஸ்பால் அணியின் ஒப்பந்தம் மேசைமேல் தயாராக இருந்தது. லீக்கிலிருந்து வந்த அதிகாரி வீட்டாரிடம் நாலு கேள்வி கேட்டு முடித்தால் கையெழுத்துதான்.

ரடமேஸுக்கு வயிறு எரிந்தது. சர்க்கரை ஆலைத் திடலில் ஒரே கையுறையை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடியவர்கள் இருவரும். தரையோடு வரும் பந்தை எலியேசர் பத்துக்கு மூன்று கோட்டைவிடுவான். ரடமேஸ் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஆனால் வேலி தாண்டி அடிக்க எலியேசரின் தோள்கள் வேண்டும்.

இந்த வீட்டிலிருந்து ஒருவன்தான் போக முடியும் என்று அம்மாவும் தாவோவும் போன வருடமே முடிவு செய்துவிட்டார்கள். "அவன் முதல்ல போகட்டும்டா, அப்புறம் உனக்குப் பார்ப்போம்" என்றாள் அம்மா. அப்புறம் என்று ஒன்று கிடையாது.

அதிகாரி அவனை மாமரத்தடிக்கு அழைத்தார்.

"உன் தம்பி எப்பப்பா பொறந்தான்? ஞாபகம் இருக்கா?"

அம்மாவின் கரண்டி சட்டியில் அப்படியே நின்றது.

கொஞ்சம் தடுமாறினாலே போதும். காகிதங்கள் பைக்குள் திரும்பிவிடும். எனக்கு இல்லாதது அவனுக்கு மட்டும் எதற்கு? தொப்பி வேறு அவனுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ரடமேஸ் தொப்பியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"மார்ச் பதினொண்ணு. விடிகாலைல. பேய் மழை, மருத்துவச்சியால ஆத்தத் தாண்ட முடியல."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். "அண்ணன்னா இப்படி இருக்கணும்."

அந்த மழைக் கதையை ஒவ்வொரு பிறந்தநாளிலும் அம்மா ரடமேஸுக்குத்தான் சொல்வாள். அது அவனுடைய பிறந்தநாள். எலியேசர் என்பதும் அவனுடைய பெயர்தான். வயது ஏறியவனை அணிகள் சீண்டாது என்று பிறப்புச் சான்றிதழோடு அதையும் அண்ணனுக்குக் கொடுத்து ஒரு வருடமாகிறது.

இருபது வயது அண்ணன் குனிந்து கையெழுத்திட்டான். முதல் எழுத்தின் வளைவு அச்சு அசலாக விழுந்தது. பழைய பள்ளி நோட்டில் தம்பிதான் எழுதிக் காட்டிப் பழக்கியிருந்தான்.