சுகத்துக்கு ஓதின தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு, பெரும்போக நெல் விதைப்புக் காலம். சாகாமம் ஊரில் உதுமாங்கண்டுவின் வயலைப் பிடித்த எரிபந்தம் என்ற பூஞ்சண நோய், மருந்தடிக்காமலே தணிந்து, நெல் பச்சை கண்டது.

"பயிர எரிக்கிற பூஞ்சணத்துக்கே வைரசு நோய் வந்திரிக்கி. அது இப்ப படுத்த படுக்க," என்று வியந்தார் விவசாய அதிகாரி.

மிச்சமும் ஆறட்டுமென்று, உதுமாங்கண்டு பள்ளிவாசலில் ஓதிப் பார்க்கும் லெப்பையிடம் ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கி வயலெங்கும் தெளித்தார். விடிந்து பார்த்தால், பயிர் முழுதும் மறுபடி கருகிக் கிடந்தது.

வெறும் போத்தலோடு லெப்பையிடம் போனார்.

"என்னண்டு ஓதின நீங்க?"

"வயல்ல ஆரு நோயாக் கிடக்காரோ, அவரு எழும்போணும் எண்டுதான். ஏன், சுகமாகல்லியா?"

உதுமாங்கண்டு போத்தலைப் பார்த்தபடி சொன்னார்: "ஓம். நல்லாச் சுகமாயிட்டு."